நடக்கத் தெரியாத கார்

என் மாமாவிடம் ஒரு கார் இருந்தது. கார் மாமாவிடம் இருந்ததா, மாமா காரிடம் இருந்தாரா என்று கேட்டால் அம்மா இரண்டாவதைத்தான் சொல்வாள். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்துத் திறந்துவிடக்கூடிய, பந்தயத்துக்கென்றே செய்த தாழ்ந்த கார். அதில் ஏறுவதென்றால் தரையில் காலை நீட்டி உட்காருவது என்று அர்த்தம். ஒரு காலத்தில் நல்ல சிவப்பாக இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த நாளில் வெற்றிலை எச்சில் காய்ந்த நிறத்துக்கு வந்திருந்தது.

துறைமுகப் பட்டறையில் மாமாவுக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பலேறும்போது அதை மாமாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். இது அப்பா சொல்வது. மாமாவைக் கேட்டால், துரை கண்ணில் தண்ணீரோடு ஒப்படைத்ததாகச் சொல்வார். மீட்டரில் ஐந்து இலக்கம்தான் உண்டு. அது ஒரு முறை முழுச்சுற்றும் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்து, மறுபடியும் முப்பதாயிரம் மைல் ஏறியிருந்தது. "இந்தத் தீவையே ஒரு சுத்து சுத்துனாலும் நூறு மைல் வராது. இம்புட்டு மைலும் எங்க மச்சான் ஓடுச்சு?" என்று அப்பா கேட்பார். மாமா துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பார்.

சிராங்கூன் சாலையில் கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். பின்சந்தில் கார் நிற்கும். அடியில் ஒரு பால்மாவு டின். எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். காலையில் அந்த டின்னை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாமா பல் துலக்குவார். சனிக்கிழமை பிற்பகல் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தைக்குப் போவார். ஒரு வாரம் ஒரு பம்ப், மறு வாரம் ஒரு முழ வயர். எந்தக் காரிலிருந்து கழற்றியதோ, எங்கள் காருக்கு எப்படியோ பொருத்திவிடுவார். இரண்டு கார்புரேட்டர்கள் இருந்தன. இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி, ஒன்று இழுத்தால் மற்றது விடாது. மாமா ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மாற்றி மாற்றி இரண்டிடமும் காட்டி, மூச்சு ஒன்றுபோல் வருகிறதா என்று வைத்தியர் மாதிரி கேட்பார். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூடக் கூடாது.

எல்லாச் சீக்கையும் பார்த்துவிட்டார். ஒன்றுக்கு மட்டும் மருந்தில்லை. அந்தக் காருக்கு ஓடத் தெரியும், நடக்கத் தெரியாது. சாங்கி சாலையில் பறக்கவிட்டால் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும். மார்க்கெட் நெரிசலில் மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலோ, பத்தே நிமிடத்தில் ரேடியேட்டர் கொதித்து உலைமூடி மாதிரி தடதடக்கும். காற்று வந்து மோதினால்தான் அதற்கு உயிர்.

இந்த நிலையில்தான் சித்திக்குக் கல்யாணம் நிச்சயமானது.

சித்தி அம்மாவுக்குத் தங்கை, மாமாவுக்கும் தங்கை. வயது இருபத்தாறு. அந்தக் காலத்தில் அது சின்ன வயதல்ல. இரண்டு இடம் கைகூடி வந்து தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று பெரியவர்கள் அடுக்களையில் குரலைத் தாழ்த்திப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். குரலைத் தாழ்த்தினால் பிள்ளைகளுக்குக் கேட்காது என்று பெரியவர்கள் ஏன்தான் நம்புகிறார்களோ. மாப்பிள்ளை ஜொகூரில் தபால் ஆபீசில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று காப்பியைக் குடித்தார், கேசரியைத் தின்றார், தலை நிமிரவில்லை. "குரல் எப்படியிருக்கும்னுகூட தெரியலடி," என்று சித்தி என் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, பின்னலிடம் சொன்னாள்.

மாப்பிள்ளை வீட்டார் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும் என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. வாடகைக்கு எடுத்துவிடலாம் என்றார் அப்பா. மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"வீட்ல காரை வச்சிக்கிட்டு என் தங்கச்சி மாப்பிள்ளைய வாடகைக் கார்லயா கூட்டிட்டு வர்றது?"

"மச்சான், அது நாயனத்துக்குப் பின்னால ஊரணும். உங்க கார் ஊருமா?"

"அதெல்லாம் ஊரும் லா, அத்தான். நான் பாத்துக்கறேன்."

ஊராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏனென்றால் ஒத்திகைக்குப் போனது நான்தான். மாப்பிள்ளையின் எடைக்கு அரை மூட்டை அரிசியை முன்சீட்டில் சாய்த்து வைத்து, நான் சீட்டுகளுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் உட்கார்ந்துகொள்ள, மாமா வாயாலேயே மேளம் தட்டிக்கொண்டு பின்சந்தில் நத்தை வேகத்தில் ஓட்டினார். இரண்டாவது சுற்றில் ஆவி வந்தது. போதாததற்கு ரேடியேட்டரில் ஓர் ஓட்டையும் தெரிந்தது. கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது.

ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போட்டால் ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்று மாமாவுக்கு ஒரு லாரிக்காரர் சொல்லியிருந்தார். வீட்டில் மஞ்சள் இருந்தது. கல்யாணத்துக்கென்று நாள் பார்த்து இடித்து, சலித்து, பித்தளைத் தூக்கில் மூடி வைத்த மஞ்சள். "மூணு கைப்பிடி கொண்டாடி. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத," என்றார் மாமா. கொண்டுபோய்க் கொடுத்தேன். தாலிக்கயிற்றில் தடவ வேண்டிய மஞ்சளைக் காருக்குள் கொட்டிவிட்டோம். ஓட்டை என்னவோ அடைபட்டது. எனக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எனக்கு ஒன்பது வயது. கல்யாணம் நின்றால் அதற்கு நான்தான் காரணம் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

கல்யாணத்தன்று காலை பெருமாள் கோயில் வாசலில் கார் மினுமினுவென்று நின்றது. முகப்பில் சம்பங்கி மாலை. மாமா அந்த மாலையை ரேடியேட்டருக்குக் காற்றுப் போகாதபடி கட்டியிருந்தவர்களோடு சண்டை பிடித்து, ஓரத்துக்குத் தள்ளிக் கட்டவைத்தார். மாப்பிள்ளை பட்டு வேட்டியும் மாலையுமாக முன்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். மாமா ஓட்டும் இடத்தில். நான் பட்டுப்பாவாடையோடு பின்னால் இடுக்கில், பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு. கூடையில் பூவுக்கு அடியில் நாலு போத்தல் தண்ணீர். மாமா திரும்பாமலே சொன்னார். "அந்தச் சூடு காட்டுற முள்ள மட்டும் பாரு. செவப்புக் கோட்டைத் தொட்டா என் தோள்ல தட்டு."

பத்தரை மணிக்குள் தாலி ஏற வேண்டும். மண்டபம் தேக்கா பக்கம், முக்கால் மைல்கூட இல்லை. மாமா விட்டால் இரண்டு நிமிடம். ஆனால் முன்னால் போனது நாயனம். நல்ல வித்துவான். நல்ல வித்துவானாக இருந்ததுதான் வம்பாகப் போயிற்று. நகைக்கடை வாசலில் நின்று ஒரு ராகம் எடுத்தார். கூட்டம் தலையாட்டியது. துணிக்கடை வாசலில் நின்று அதையே இன்னும் விரித்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா பக்கத்தில் போய் "இன்னுங் கொஞ்சம்" என்றார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக அது ராகத்தோடு சேர்ந்து மேலே போனது.

தோளில் தட்டினேன். மாமா தலையை நீட்டி, "அண்ணே, நடந்துகிட்டே வாசிங்கண்ணே," என்று கெஞ்சினார். தவில் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மறுபடி தட்டினேன். மாமாவின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. மூன்றாம் முறை தட்டவில்லை, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் முகப்பிலிருந்து உஸ்ஸென்று ஆவி கிளம்பி, கார் இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது.

நாயனம் பாதியில் நின்றது. பின்னால் வந்த காரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா இறங்கி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பெரியப்பா வந்தார்.

"என்னாய்யா இது? மாப்பிள்ளை வண்டி நடுரோட்ல நிக்கிது. இதவிட என்ன சகுனம் வேணும்? இந்த ஓட்டைய எங்க தலையில கட்டணும்னு யாருய்யா சொன்னது?"

மாமா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். எஞ்சினில் எது கழன்றாலும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவர், அன்று கதவைத் திறந்து இறங்கக்கூட மறந்துபோனார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. அழுதுவிடுவார் என்று நினைத்தேன்.

"நான்தான் கேட்டேன் பெரியப்பா."

யார் பேசுகிறார்கள் என்று முதலில் தெரியவில்லை. மெல்லிய, கொஞ்சம் கரகரத்த குரல். மாப்பிள்ளை.

"எனக்கு இந்தக் கார்ல வரணும்னு ஆசை. மச்சான் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் புடிவாதமா கேட்டேன். அவரைத் திட்டாதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் எப்போது கேட்டார்? கேட்கவேயில்லை. நான் கூடவே இருந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை இறங்கினார். மண்டபம் சேரும்வரை மாப்பிள்ளையின் கால் தரையில் படக்கூடாது என்பார்கள். அவர் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்து முன்னால் போய், அங்கவஸ்திரத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். "தொடாதீங்க மாப்ள," என்று மாமாவுக்குக் குரல் வந்தபோது மூடி திறந்துவிட்டது. மஞ்சள் தண்ணீர் குபுக்கென்று பொங்கி அவர் வலது உள்ளங்கையில் பாய்ந்து, மாலையை நனைத்து, ரோடெல்லாம் ஓடியது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கையை உதறினார். முனைக் காப்பிக்கடைச் சீனர் ஒரு குவளை ஐஸை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

கூட்டத்தில் ஓர் அம்மாள், "பாருங்க, மஞ்சத் தண்ணி தெளிச்ச மாதிரி இருக்கு. மங்களந்தான்," என்றார். மாப்பிள்ளையின் அம்மா வாயிலிருந்து கையை எடுத்தார். அது எந்த மஞ்சள் என்று எனக்கல்லவா தெரியும். அப்பா என் தோளைப் பிடித்து இழுத்தார். "மண்டபத்துக்கு ஓடு. இதோ வந்துட்டாங்கன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

ஓடினேன். பாவாடை காலில் தடுக்கி ஒரு முறை விழுந்தேன். மணப்பெண் அறையில் சித்தி தலைநிறையப் பூவோடு கண்ணாடி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாயனச் சத்தம் நின்றதை அவளும் கேட்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அப்பா சொன்னது எல்லாம் மறந்துவிட்டது. மஞ்சளைத் திருடியது, முள் ஏறியது, கார் நின்றது எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், சொல்லித்தான் ஆகவேண்டிய பெரிய விஷயத்தையும் சொன்னேன்.

"சித்தி, மாப்பிள்ளை பொய் சொல்றாரு. கார அவர் கேக்கவே இல்ல."

"என்ன சொன்னாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். மாமாவை மச்சான் என்று கூப்பிட்டதையும் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். இன்னொரு தரம் சொன்னேன். கை வெந்ததைச் சொன்னபோது எந்தக் கை என்று கேட்டாள். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்மை கலைந்துவிடாமல் விரல் நுனியால் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். நான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து வாசலில் போய் நின்றேன்.

கார் பத்து மணிக்கு வந்து சேர்ந்தது. நாலு போத்தல் தண்ணீரை ஊற்றியும் எஞ்சின் கிளம்பாததால் ஆறு பேர் தள்ள, மாமா திருப்ப, நாயனம் முன்னால் வாசித்துக்கொண்டே வந்தது. அந்த வேகம் நாயனத்துக்கு மிகப் பொருத்தமாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள்.

நேரத்துக்குத் தாலி ஏறியது. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியை வலம் வரச் சொன்னார் ஐயர். மாப்பிள்ளை துணி சுற்றிய வலது கையை நீட்டினார். நீட்டியவர் சற்றுத் தயங்கினார். சித்தி அந்தக் கையைத் தொடாமல், அதற்கு மேலே அவர் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளைதான் பிடிக்க வேண்டும் என்று பெரியப்பா திருத்தினார். சித்தி காதில் வாங்கவில்லை. மூன்று சுற்றும் அப்படியே வந்தாள்.

அன்று மாலை ஜொகூருக்குப் புறப்படும்போது சித்தி என்னைக் கட்டிக்கொண்டாள். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று எனக்குத் தெரிந்தது. அவள் காதில் மறுபடியும் சொன்னேன். "அவர் கேக்கல சித்தி. நெசமா கேக்கல."

"தெரியும்டி," என்றாள் சித்தி. சிரித்துக்கொண்டே போய் மாப்பிள்ளை வீட்டுக் காரில் ஏறிக்கொண்டாள்.

தெரிந்துமா போகிறாள் என்று நான் ஓவென்று அழுதேன். சித்தியைப் பிரிகிற துக்கம் தாங்கவில்லை பிள்ளைக்கு என்று சொல்லி, ஆளுக்கொரு மிட்டாயாக என் கையில் திணித்துக்கொண்டிருந்தார்கள்.