பீரோ இருந்த இடம்

எங்கள் கம்பெனியில் அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பலகை என்றால்தான் தெரியும். லிஃப்ட் பழுதுபார்க்கப் போனால், குழிக் கதவைத் திறப்பதற்கு முன் அதன் வாசலில் தடுப்புப் பலகையை நிறுத்த வேண்டும். திறந்த கதவை நம்பிக் காலை வைப்பவன் நேரே பாதாளத்துக்குப் போவான். இது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் இரண்டு நிமிட வேலைக்கும் அந்தப் பலகையை மாடி மாடியாகச் சுமந்து ஏறுகிறவன் அவன் ஒருவன்தான். பதினாறு வருடம் அவனோடு வேலை பார்த்தேன். "பலகை வச்சியா?" என்று கேட்டுக் கேட்டே என் உயிரை வாங்கியிருக்கிறான்.

வெளிநாட்டு வேலையும் அவனைத் தேடித்தான் வந்தது. தென்கிழக்கே, கடலுக்கு அப்பால், நாள் தவறாமல் மழை பெய்யும் ஒரு பெரிய நகரம். அறுபது மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளுக்கெல்லாம் அவன் பொறுப்பு. மூன்று வருடம். மனைவியையும் மகளையும் கூட்டிப் போகலாம். அவன் அப்பாவுக்கு மட்டும் விசா இல்லை.

அப்பாவுக்குக் கண் தெரியாது. பார்வை போய்ப் பத்து வருடமாகிறது. ஆனாலும் அந்த மாடி வீட்டுக்குள் கைத்தடி இல்லாமல் நடப்பார். கட்டிலிலிருந்து நாலு எட்டு வைத்தால் அறை வாசல். வலப்பக்கம் திரும்பினால் சுவரை ஒட்டி ஒரு மர பீரோ. அதைத் தடவிக்கொண்டே போய், அது முடிந்ததும் வருகிற முதல் திறப்பு குளியலறை. அந்த வீடு அவர் கைக்குள் இருந்தது.

அவரைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்று முடிவு செய்திருந்தான். அப்பா முணுமுணுக்கக்கூட இல்லை. பேத்தி அந்த ஊர்ப் படங்களைப் பார்த்து ஒவ்வொன்றாக விவரிப்பாள். "எனக்கு எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் தெரியும்மா, ஒரு டிக்கெட் மிச்சம்" என்பார். அவள் சிரிப்பாள். இவன் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து அப்பாவை அழைத்துப் போவதாக ஏற்பாடு. அவர் போகும்வரை வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தக் கூடாது என்று வைத்திருந்தான். பீரோவை எனக்குத் தருவதாகச் சொல்லி, திங்கட்கிழமைதான் எடுக்க வேண்டும் என்று நாலு தடவை சொல்லியிருந்தான். எனக்கோ சனிக்கிழமை மச்சினனின் வேன் ஓசியில் கிடைத்தது. எடுத்தோம் கவிழ்த்தோம் என்று போய் நின்றேன். ஒருநாள் முன்னே பின்னே ஆனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டேன். அவன் தயங்கினான். நான் விடவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மனைவியும் மகளும் பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். முன்பக்கப் படி குறுகல், பீரோ இறங்காது. பீரோவுக்குப் பின்னால் வருடக்கணக்காக மூடிக் கிடந்த ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்தால் வெளியே இரும்புப் படி. அந்த வழியாக இறக்கினோம். அப்பா தூக்கம் கலையக் கூடாது என்று மூச்சுவிடாமல், ஒரு சத்தமில்லாமல் இறக்கினோம். அந்தக் கவனத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கீழே வேனில் ஏற்றினோம். அவன் ஒரு பக்கம் கயிற்றை இழுக்க, நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மேலே அந்தக் கதவு திறந்தே கிடப்பது அவனுக்கு உறைத்தது. கயிற்றை விட்டுவிட்டு ஓடினான். இரண்டு படி ஏறுவதற்குள் அப்பா உருண்டு அவன் காலடிக்கே வந்துவிட்டார். தூங்கி எழுந்தவர் பீரோவைத் தேடியிருக்கிறார். அது கைக்குத் தட்டுப்படவில்லை. சுவரைத் தடவிப் போய், கிடைத்த முதல் திறப்பைக் குளியலறை என்று நம்பிக் காலை வைத்திருக்கிறார்.

அவரை மடியில் கிடத்திக்கொண்டு அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பலகை வைக்கலடா."

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வயதானவர், இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் என் குரலைக் கேட்டதும் அப்பா கையை நீட்டினார். "பீரோ அடிபடாம வந்து சேந்துச்சா தம்பி?" என்று கேட்டார். சேர்ந்தது என்று சொன்னேன்.

படுக்கையில் கிடப்பவரைத் தூக்கி எடுக்க அக்காவால் முடியாது. விமானம் அவர்கள் இல்லாமல் போனது. கம்பெனி மூன்று வாரம் பொறுத்தது. பிறகு, அடுத்து யார் சீனியர் என்று பட்டியலைப் பார்த்தது. அது நான்.

போகமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன்.

மறுநாள் மாலை அவனே என் வீட்டுக்கு வந்தான். அந்த ஊருக்கென்று வாங்கிய மூன்று குடைகளையும், மகளுக்குப் பார்த்துவைத்த பள்ளியின் விலாசத்தையும் மேசைமேல் வைத்தான். என் கூடத்தில் நிற்கும் பீரோவின் பக்கம் அவன் திரும்பவேயில்லை. நான் தலையை நிமிர்த்தாமல், என்னடா செய்யட்டும் என்று கேட்டேன்.

"நீ போடா. உங்க வீட்ல கண்ணு தெரியாதவங்க யாருமில்லையே" என்றான்.

அவன் குரலில் துளிக் கோபம் இல்லை. அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கிற நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.