பஸ் காட்சிக்கு ஒரு சாம்பிள்

1996 மே 18, சனிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். தண்ணீர்த் தொட்டியில் குச்சி விட்டு அளவு பார்த்துச் சுவரில் எழுதினேன். ஆறரைக்குப் பால். ஏழு மணிக்கு, தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையடியில் கிடந்த நூல் பிசிறுகளைக் கூட்டி, வெள்ளையை ஒரு சாக்கிலும் கலரை இன்னொரு சாக்கிலும் போட்டேன். பள்ளி விடுமுறை. எட்டு மணிக்கு ஷிப்ட் தொடங்கியது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மேலே சொன்னவை எல்லாம் அன்றைய நோட்டில் அப்படியே இருக்கின்றன. அந்த நோட்டு என் நாட்குறிப்பு அல்ல, அத்தை எடுத்துக்கொண்டிருந்த படத்துக்கானது. எந்தக் காட்சியில் யார் கையில் என்ன இருந்தது, முடி எந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தது என்றெல்லாம் எழுதிவைப்பது என் வேலை. அதில் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்து எழுதியது என் பிழை. அத்தை அதை அடிக்கவில்லை. "இருக்கட்டும் கண்ணு, அதும் நடந்ததுதானே" என்றாள்.

திருப்பூருக்கு வெளியே, மங்கலம் சாலையில் எங்கள் பனியன் கம்பெனியும் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. முன்னால் பதினெட்டு மெஷின்கள், பின்னால் நாங்கள். கம்பெனியைத் தொடங்கியவர் அப்பாவின் அப்பா. அவரை அப்பாரு என்று அழைப்போம். அப்பா பொறுப்பெடுத்த பிறகும் பீரோச் சாவி அப்பாருவின் அரைஞாணில்தான் தொங்கியது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கோவையில் ஒரு கல்லூரியில், படம் எடுக்கக் கற்றுத்தரும் விஸ்காம் படித்து அந்த வருஷம்தான் முடித்திருந்தாள்.

அவளிடம் சட்டைக்குள் வைக்கும் பேக்கிங் அட்டை ஒன்று இருந்தது. நடுவில் நீள்சதுரமாக வெட்டி எடுத்திருந்தாள். அதன் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்ப்பாள். சாப்பிடும்போது சாம்பார் வாளியைப் பார்ப்பாள், பேசும்போது எதிரில் இருப்பவரின் காதைப் பார்ப்பாள். அம்மா ஒருநாள், "ஏனுங் அம்மிணி, அந்த ஓட்டை வழியாத்தான் சோறும் எறங்குமா?" என்று கேட்டாள். அத்தை டேப் ரிக்கார்டரில், ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினின் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்தாள். அதைவிட அவளுக்குப் பிடித்தது கரண்ட் போன உடனே வரும் சத்தம். பதினெட்டு மெஷின்களும் நின்றபின் யாரோ ஒருவர் இருமுவது, ஒரு கத்தரி கீழே வைக்கப்படுவது. அதற்காக இரண்டு மாதம் கரண்ட் போவதற்குக் காத்திருந்தாள். எங்கள் ஊரில் அவ்வளவு ஆவலோடு மின்வெட்டுக்குக் காத்திருந்தவர் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கல்லூரியில் எடுத்த நான்கு நிமிடப் படம் ஒன்றை வீட்டு டிவியில் போட்டுக் காட்டினாள். டீ வாளி தூக்கி வருபவரைப் பற்றியது. அப்பா கடைசிவரை அசையாமல் பார்த்தார்.

"நல்லாருக்குது. இதுக்கு பையர் ஆரு அம்மிணி?"

கேலி இல்லை. செய்த பொருளுக்கு வாங்குபவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கணக்குத் தெரியாது. ஒரே காட்சியை ஏழு முறை எடுத்து ஒன்றைத்தான் வைத்துக்கொண்டேன் என்று அத்தை சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. "ஏழுல ஆறு ரிஜெக்டா?" என்று கேட்டார்.

ஏப்ரலில் சென்னையிலிருந்து அத்தைக்கு ஒரு கடிதம் வந்தது. திரைப்படக் கல்லூரியில் சேர நேர்முகத் தேர்வு, மே 20 திங்கட்கிழமை காலை பத்து மணி, அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும். அப்பாரு அதை ஒருமுறை படித்து, நான்காக மடித்து, அத்தையின் சான்றிதழ்கள் இருந்த நீல ஃபைலுக்குள் வைத்து, ஃபைலைப் பீரோவில் பூட்டினார். தாராபுரத்தில் ஒரு மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. ஆனியில் நிச்சயம்.

"படிச்சது போதுஞ் சாமி. மெட்ராசெல்லாம் நமக்கு ஆவாது."

கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு சின்னப் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் அத்தை கேட்டாள். இவ்வளவோடு போயிற்றே என்ற நிம்மதியில் அப்பாரு உடனே சரியென்றார்.

படத்தின் கதை சிறியது. செக்கிங்கில் வேலை செய்யும் ஒரு பெண் ஒருநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போகிறாள். எங்கே, எதற்கு என்று படம் சொல்லாது. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றிலிருந்து கேமராவும் அதை இயக்கும் அண்ணனும் வந்தார்கள். அவருக்குப் பழக்கம் விடவில்லை. துக்கமான காட்சியிலும், "கொஞ்சம் சிரிங்க, இப்பிடித் திரும்புங்க" என்பார். பெண்ணின் காதுத் தோட்டுக்கு ஜூம் போய்விடுவார். அத்தை பொறுமையாக மறுபடி எடுத்தாள்.

நடித்தது எங்கள் செக்கிங்கிலேயே வேலை பார்த்த ஒரு அக்கா. எல்லாக் காட்சியும் முடிந்து, பஸ் காட்சி மட்டும் மீதியிருந்தபோது அவள் மறுத்துவிட்டாள்.

"பையத் தூக்கீட்டு விடியால பஸ் ஏறுனா, எங்கம்மாகிட்ட ஊரே வந்து கேக்குமுங்க. நடிப்புன்னா ஆருங்க நம்புவாங்க?"

ஆகவே அந்தக் காட்சியில் தானே நடிப்பது என்று அத்தை முடிவு செய்தாள். அதே பச்சைச் சுடிதார், முதுகுப்புறம் மட்டும்தான் தெரியும். அதற்காக ஒரு வாரம் காலை ஆறு முதல் ஏழு வரை நான் கேட்டருகே நின்று, திருப்பூர் போகும் பஸ்கள் எத்தனை மணிக்கு வருகின்றன, நிறுத்தத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று குறித்தேன். ஆறு இருபது பஸ் நான்கு நாள் சரியான நேரத்துக்கும் மூன்று நாள் தாமதமாகவும் வந்தது. இதெல்லாம் வெளிச்சத்துக்காக என்று அத்தை சொன்னாள். வெளிச்சத்துக்கும் நிற்பவர்களின் பெயருக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அப்பாருவுக்கு விஷயம் தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"நிச்சயம் வெச்சுட்டு ரோட்டுல பையோட நிக்கறதா? ஆராச்சும் பாத்தா என்னன்னு நெனைப்பாங்க?"

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "சாம்பிள் பாத்துட்டுச் சொல்லுங்கப்பா."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு மேல் பேச்சில்லை. கம்பெனியில் சாம்பிள் ஓகே ஆகாமல் துணியில் கத்தரி படாது. முதல் பீஸைத் தைத்து மேசையில் விரிப்பார்கள். அப்பாருவும் அப்பாவும் சுற்றி வந்து பார்த்து, தையல் தையலாகக் குறை சொல்வார்கள். எல்லாம் திருத்திய பிறகு ஓர் அட்டையில் ஓகே என்று எழுதி, கையெழுத்திட்டு, பீஸில் கட்டித் தொங்கவிடுவார்கள். அதன்பின் அது எப்படியிருக்கிறதோ அப்படியேதான் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு முறை பார்த்துத் திருத்திவிட்டால், வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியை அப்பாரு பிறகு எழுப்பியதே இல்லை.

நான்கு மணிக்கு, டீ நேரத்தில், காம்பவுண்டில் சாம்பிள் காட்டப்பட்டது. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் பஸ். கேமரா அண்ணன் கண்டக்டர். அத்தை ஒரு ரெக்சின் பையில், வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியான கட்டிங் வேஸ்டை அடைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேலைக்காரர்கள் டம்ளரோடு சுற்றி நின்றார்கள்.

முதல் முறை நடந்து முடித்ததும் அப்பா சொன்னார்: "சில்லறையக் கையில வெச்சுக்கோ. கண்டக்டர்கிட்ட நின்னு பேசீட்டிருந்தா நல்லாருக்காது. நாளைக்கு ஞாயித்துக்கெழமை. சனிக்கெழமை வேலை முடிச்சுப் படுத்தவங்க ஏழுக்கு முந்தி எந்திரிக்கமாட்டாங்க. ஆறு இருவது பஸ்ஸே சரி."

எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் முறை அத்தை கேட்டருகே நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாரு கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"திரும்பிப் பாக்காதே. பாக்கறவ போகமாட்டா. போறவ பாக்கமாட்டா."

"செரிங்கப்பா" என்றாள் அத்தை.

திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து எங்களிடம் இருந்த அயர்ன் மாஸ்டர் ஒருவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "நான் ஒண்ணு சொல்லலாமா மொதலாளி? ஊரை விட்டுப் போறவ துணிய மட்டுமா எடுத்துட்டுப் போவா? சர்டிபிகேட்ட எடுக்கணும்லா. நான் வரும்போது சட்டை ரெண்டுதான், ஆனா பத்தாங் கிளாஸ் மார்க் ஷீட்ட வயித்துல கட்டிட்டுலா வந்தேன்."

"அனுபவஸ்தர் சொல்றாருங்க" என்றார் கேமரா அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பாரு யோசித்தார். "செரி, பழைய ஃபைல் ஏதாச்சும் கையில புடிச்சுக்கோ."

"டம்மி வெச்சா கேமராவுல தெரிஞ்சுருமுங்கப்பா" என்றார் அப்பா. "காலேஜ் முத்திரை போட்ட அட்டைன்னாத்தான் பாக்கறவங்க நம்புவாங்க."

அப்பாருவுக்கு டம்மி என்ற சொல்லே ஆகாது. அசல் பட்டன் வரவில்லையென்று ஒரு முழு ஆர்டரையே இருபது நாள் நிறுத்தி வைத்தவர். உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தமும் பூட்டும் சத்தமும் கேட்டன. நீல ஃபைலைக் கொண்டுவந்து தன் கையாலேயே அத்தையிடம் கொடுத்தார்.

"பத்தரம். எடுத்து முடிச்சதும் எங்கிட்டயே குடுத்துரோணும்."

மூன்றாம் முறை அத்தை நடந்து காட்டினாள். அந்த முறைக்கு என் நோட்டில் உள்ள குறிப்பு இது: 'பை இடது கை. ஃபைல் வலது கை, மார்போடு. திரும்பிப் பார்க்கவில்லை. ஏறும் முன் ஃபைலை ஒருமுறை திறந்து மூடினாள். நாளையும் திறக்க வேண்டுமா, கேட்க வேண்டும்.'

கேட்டேன். "வேண்டாங் கண்ணு" என்றாள் அத்தை. அப்பா அதற்குள் அட்டையில் ஓகே எழுதி, கையெழுத்திட்டு, பையின் கைப்பிடியில் கட்டிக்கொண்டிருந்தார். அப்பாரு திருப்தியாகத் தலையசைத்தார். மூன்றே சாம்பிளில் சரியாக வந்ததே என்று அவருக்குப் பெருமை.

மாலை ஆறு மணிக்குக் கேமரா அண்ணன் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பல்லடத்தில் மறுநாள் காலை ஒரு கல்யாணம் இருப்பதாகச் சொன்னார். அதையும் எழுதினேன். காலையில் கேமரா எப்படி வரும் என்று அத்தையிடம் கேட்டேன். பை நிறைய இருந்த கட்டிங் வேஸ்டைச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தவள், "அதப் பாத்துக்கலாம் கண்ணு" என்றாள். வெள்ளையும் கலரும் ஒரே சாக்கில் விழுந்ததைச் சுட்டிக்காட்டினேன். பிரித்துப் போட்டாள்.

மே 19, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். தொட்டியைப் பார்ப்பதற்கு முன்பே அத்தை தயாராக நின்றாள். பச்சைச் சுடிதார், பை, ஃபைல். எல்லாம் சாம்பிளில் இருந்தபடி. நிறுத்தம் வரை இருவரும் நடந்தோம். வழியில் பையை இரண்டு முறை கை மாற்றினாள். முந்தின நாள் ஒருமுறைகூட மாற்றவில்லை. சொன்னதும் இடது கைக்கே மாற்றிக்கொண்டாள்.

நிறுத்தத்தில் யாருமில்லை.

"கேமரா அண்ணன் இன்னும் வரலீங் அத்தை."

"நீ பாத்து எழுதிக்கோ கண்ணு. அது போதும்."

பஸ் ஆறு இருபத்திரண்டுக்கு வந்தது. அத்தை என் தலையில் கை வைத்தாள். இது சாம்பிளில் இல்லை. பிறகு ஏறினாள். சில்லறை கையில் இருந்தது. இடப்பக்கம் மூன்றாவது சன்னல். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போயிற்று.

நான் காத்திருந்தேன். முதல் முறையிலேயே எதையும் ஓகே சொல்லும் வழக்கம் அத்தைக்கு இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இன்னொரு முறை எடுக்க வருவாள் என்று நினைத்தேன். ஆறு ஐம்பத்தைந்து வரை நின்று, எதிர்ப்பக்கம் வந்த இரண்டு பஸ்களைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பினேன்.

கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எட்டு மணிக்கு முன் எழுந்து நான் பார்த்ததில்லை. கேமரா வராததையும் அத்தை திரும்பாததையும் எந்த வரிசையில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பஸ்ஸு டைமுக்கு வந்துச்சா சாமி?"

"ரெண்டு நிமிஷம் லேட்டுங்கப்பா."

"உக்கார எடம் கெடைச்சுதா?"

"கெடைச்சுதுங்க. சன்னலோரம்."

தலையசைத்தார். கேட்டைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, அது சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு அப்பாருவின் அறையை நோக்கி மெதுவாக நடந்தார். படம் நன்றாக வர வேண்டுமென்று இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேமரா வந்ததா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லாததால் நானும் சொல்லவில்லை. போய்த் தொட்டியில் குச்சி விட்டு அளவு பார்த்தேன்.