இரும்புக் குழாயும் பிளாஸ்டிக் குழாயும் பாஸ்கரனும்

பிளம்பர் தொழிலில் நிச்சயமான சந்தோஷம் ஒன்றே ஒன்றுதான்: நமக்கு முன்னால் வந்துபோன பிளம்பரைத் திட்டுவது. எந்த வீட்டுக்குப் போனாலும் பையைக் கீழே வைத்ததும் சிங்க்குக்கு அடியில் குனிந்து, "யார் சார் இந்த வேலையைப் பார்த்தது?" என்று உச்சுக்கொட்ட வேண்டும். அப்போதுதான் வீட்டுக்காரருக்கு நம் மேல் ஒரு மரியாதை பிறக்கும். நீங்கள் எலக்ட்ரீஷியனாக இருந்தாலும் சரி, டெய்லராக இருந்தாலும் சரி, பல் டாக்டராகவே இருந்தாலும் சரி, இந்தச் சுகம் உங்களுக்கும் தெரியும். அந்தச் சுகத்தில் மண்ணைப் போட ஒருவன் வருவான் என்பதும் தெரிந்திருக்கும். எனக்கு வந்தவன் பெயர் பாஸ்கரன்.

திட்ட ஒன்றுமில்லை

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் சுவருக்குள் ஓடுவது இரும்புக் குழாய். அதை மாற்ற வேண்டுமென்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். உடைக்க யாருக்கும் மனசு வராது. அதனால் சுவருக்குள் இரும்பு, வெளியே பிளாஸ்டிக் என்று காலம் ஓடுகிறது. இரண்டும் சேரும் இடத்தில்தான் எங்கள் பிழைப்பு. இரும்பு முரடு, பிளாஸ்டிக் பூஞ்சை. நேராக ஒன்றின் மேல் ஒன்றை முறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். உள்ளே பித்தளை மரை வைத்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றை நடுவில் போட வேண்டும். இரும்பு மரையின் மேல் வெள்ளை டேப்பை அளவாகச் சுற்ற வேண்டும். முறுக்குவதை எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரிய வேண்டும்.

மாட வீதிக்குப் பின்னால் ஒரு ஆட்டோக்காரர் வீட்டில் கீசர் மாட்டப் போனேன். வழக்கம்போல் திட்டுவதற்காகக் குழாய்கள் சேரும் இடத்தில் குனிந்தேன். திட்ட ஒன்றுமே இல்லை. டேப் பிசிறு வெளியே தொங்கவில்லை, பசை வழியவில்லை, குழாய் கோணவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். விரலை விட்டுத் தடவினேன். தூசி ஒட்டியது, ஈரம் ஒட்டவில்லை. யார் வேலை என்று கேட்டதற்கு, "பாஸ்கர்னு ஒரு பையன். சிரிச்சிக்கினே இருப்பான்" என்றார். எங்காவது ஒரு குறை இருக்காதா என்று மறுபடி குனிந்தேன். ஆட்டோக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா நைனா, அங்க எதுனா தொலைச்சிட்டியா?"

என் கட்டடம்

ஒவ்வொரு பிளம்பருக்கும் 'என் கட்டடம்' என்று ஒன்று இருக்கும். எனக்கு மந்தைவெளியில் ஒரு பழைய ஃபிளாட். அதன் செக்ரட்டரி பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாமி. அங்கே குழாய் சொட்டினால் என் போன் அடிக்கும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் வாஷர் மாற்றியிருக்கிறேன். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய்கள் துருப்பிடித்துவிட்டன, எல்லாவற்றையும் பிளாஸ்டிக்காக மாற்றப்போகிறோம் என்று மாமி சொன்னபோது, வேலை எனக்குத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அது கிடைத்தால் தெரு முழுக்க என்னைக் கூப்பிடும். கிடைக்காவிட்டாலும் தெரு முழுக்கக் கூப்பிடும், ஏன் ஏகாம்பரம் உன்னை விட்டுட்டாங்க என்று விசாரிக்க.

எப்போது ஆரம்பிக்கலாம் என்று மாமியிடம் கேட்டேன். மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஆரம்பித்தாலே விஷயம் சரியில்லை என்று அர்த்தம். "உன்னை விட்டா நேக்கு யாரு ஏகாம்பரம்? ஆனா மாடியாத்துக்காரா எல்லாரும் பாஸ்கரன், பாஸ்கரன்னு ஒருத்தனையே சொல்லிண்டிருக்கா."

வஞ்சிரம்

மாமி முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்த நாட்களில் நான் போன இடமெல்லாம் அவன் முன்னால் போயிருந்தான். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் செல்வியக்கா வீட்டுக் குழாயைச் சரிபண்ணப் போனேன். கடல் காற்றில் இரும்புக் குழாய் அப்பளமாகிவிடும். புதிதாக மரை வெட்ட, அதற்கான டை கட்டையைக் குழாயில் மாட்டிச் சுற்றினால், மரையோடு குழாயும் சேர்ந்து உதிர்ந்தது. உதிர்ந்ததை வெட்டிவிட்டு உள்ளே தள்ளி மறுபடி வெட்டினேன். வியர்வை ஊற்றியது, வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

ஒருவழியாக முடித்துத் தண்ணீரும் வந்தது. அக்கா ஒரு டீ வாங்கிக்கொடுத்தாள். எதிர் வீட்டுக் குழாயைப் பாஸ்கரன் போட்டபோது அவனுக்கு வஞ்சிரம் துண்டு போட்டுக் கொடுத்தனுப்பினாளாம். எனக்கு ஒரு காரப்பொடி மீன்கூட இல்லை. முகம் மாறியதைக் கவனித்துவிட்டாளோ என்னவோ, அவளே காரணமும் சொன்னாள்: "அந்தத் தம்பி பாடிக்கினே வேலைய முடிச்சிட்டு பூடும். நீ இன்னான்னா பைப்பாண்ட சண்ட போட்டுக்கினு கீறே."

பார்சல்

இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தி.நகரில் நாங்கள் எல்லோரும் சாமான் வாங்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் பாய், என் வயசுக்காரர், வாடா போடா பழக்கம். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய், பாஸ்கரன் எந்த டேப் வாங்குகிறான், எந்தப் பசை வாங்குகிறான் என்று பட்டும் படாமலும் விசாரித்தேன். பாய் ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார். எல்லாம் நான் வாங்குகிற சாமான்கள்தான். வேறு ஏதாவது வாங்குவானா என்று விடாமல் கேட்டேன். பாய் என்னையே பார்த்தார். "அவ்ளோதான் மச்சி. வோணும்னா அவன் கையையும் பார்சல் கட்டித் தரவா?"

ஸ்டேட்டஸ்

பாய் என் நம்பரை அவனுக்கும் அவன் நம்பரை எனக்கும் கொடுத்திருந்தார். பாஸ்கரன் தான் போடும் ஜாயின்ட்டையெல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைப்பான். குழந்தைக்குப் பவுடர் பூசி உட்கார வைத்த மாதிரி பளிச்சென்று இருக்கும். நான் அதைப் பெரிதாக்கி, மூலை முடுக்கெல்லாம் ஒழுகல் தேடுவேன். காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே இந்த வேலை ஆகிவிடும். என் மனைவி, "யாரு அது, காலங்காத்தால இப்டி உத்து உத்து பாக்கறே?" என்று சந்தேகத்தோடு எட்டிப் பார்த்து, குழாய் எல்போவைக் கண்டதும் ஏமாந்து போவாள்.

ஒருநாள் பாயின் கடையில் அவனே நேரில் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். யார் பார்த்தார்கள் என்று ஸ்டேட்டஸ் காட்டிக்கொடுத்துவிடும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கடையில் அத்தனை பேர் நிற்கும்போது, துளிக்கூடக் கிண்டல் இல்லாமல் சொன்னான்: "ண்ணா, டெய்லி மொத ஆளா நீங்கதான் பாக்கறீங்க. மனசுக்கு தெம்பா கீதுண்ணா."

ஒரு சுற்று

கடைசியில் மாமி எங்கள் இருவரையுமே வரச் சொன்னார். தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்குகின்றன. ஆளுக்கு ஒன்றில் இரும்பையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டும், யாருடையது நன்றாக இருக்கிறதோ அவருக்கு மொத்த வேலையும். "ரெண்டு பேரையும் பாடச் சொல்லிக் கேட்டாத்தானே தெரியும்" என்றார். மொட்டைமாடியில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நடுவில் மாமி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான்தான் முதலில் முடித்தேன். நன்றாகவே வந்திருந்தது. அது எனக்குத் தெரியும், கைக்கும் தெரியும். அதோடு ரெஞ்சைக் கீழே வைத்திருக்கலாம். அந்தப் பக்கம் பார்த்துத் தொலைத்தேன். பாஸ்கரன் ஏதோ முணுமுணுத்துப் பாடியபடி தன் ஜாயின்ட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். மாமியின் கால் விரல் அவன் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. என் கட்டடம், என் மாமி, அவன் பாட்டு. ரெஞ்சை மறுபடி மாட்டினேன். போதும் என்றது கை. இன்னும் ஒரு சுற்று என்றது வயிற்றெரிச்சல். சுற்றினேன். டக்கென்று ஒரு சத்தம்.

பிளாஸ்டிக் விரிசல் விடும் சத்தம் எந்தப் பிளம்பருக்கும் தெரியும். பாஸ்கரனின் பாட்டு நின்றது. என்னைப் பார்த்தான், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். பசை காய்ந்து, மாமி வால்வைத் திறந்ததும் அவன் பக்கம் காய்ந்தே இருந்தது. என் பக்கம் சொட்டியது. இத்தனை நாள் ஊரெல்லாம் நான் தேடிக்கொண்டிருந்த ஒழுகல், என் ஜாயின்ட்டிலேயே கிடைத்துவிட்டது. அழுகை வந்தது. குனிந்து பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி நின்றேன்.

அவன் அப்போது ஒரு வார்த்தை என்னை மட்டம் தட்டியிருந்தால் ஆயுசுக்கும் அவனைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் அவன் வழி விடவில்லை. "மாமி, பிளாஸ்டிக்க நா பாத்துக்கறேன். இந்த பில்டிங்ல எந்த இரும்பு லைன் எந்த செவுத்துல போவுதுன்னு அண்ணனுக்குத்தான் தெரியும். அவரு இல்லாம இந்த வேலைய நா எடுக்கமாட்டேன்" என்றான். மாமி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். "சரி, ரெண்டு பேரும் சேர்ந்துண்டே பண்ணுங்கோ. ஆனா ஏகாம்பரம், கடைசி முறுக்கு மட்டும் அவன் முறுக்கட்டும்."

அந்தக் கட்டடத்தில் இன்றுவரை ஒரு ஜாயின்ட்கூட ஒழுகவில்லை. இதைவிட வயிறு எரிகிற விஷயம் என் தொழிலில் வேறு எதுவும் இல்லை.