பின்சீட்டுக் கச்சேரி

காக்களூரில் வேலைக்குப் போய்வர ஒரு பழைய பைக் பார்க்கப் போயிருந்தேன். ஓட்டிப் பார்க்கிறேன் என்றதும், வண்டிக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுத் தானும் பின்னால் ஏறிக்கொண்டார். ஐம்பது வயது இருக்கும். நரைத்த மீசை, கம்பெனி யூனிஃபார்ம் சட்டை, அதற்குக் கீழே லுங்கி.

வண்டி நகர்ந்ததுமே என் காதுக்குள் பாட ஆரம்பித்தார். வேகம் ஏற ஏறக் குரலும் ஏறியது. திருப்பாச்சூர் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது: இன்ஜினில் வரும் கடகட சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது. அதற்குத்தான் இந்தக் கச்சேரி!

"பாட்ட நிறுத்துண்ணா! இன்ஜின் சத்தத்த கேக்கணும்."

"பாடிக்கினே போனாதாம்பா இது ஓடும்."

"என்னிய இளிச்சவாயன்னு நெனச்சிக்கினியா?" என்று கத்தினேன்.

வாயை மூடிக்கொண்டார். அடுத்த வேகத்தடையில் வண்டி நின்றது. நான் இறங்கி எவ்வளவு உதைத்தும் உயிர் வரவில்லை.

"நான் இன்னா சொன்னேன்? நீதான் கேக்கல." முகத்தில் சிரிப்பே இல்லை. இறங்கவும் இல்லை. முன்னால் நகர்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "தள்ளு" என்றார்.

வாங்க வந்தவன் வெயிலில் தள்ள, விற்க வந்தவர் சவாரி போனார்! மூச்சு வாங்கியதுதான் மிச்சம், வண்டி கிளம்பவில்லை. அவர் நிதானமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

கிளம்பிவிட்டது.

நான் அந்த வண்டியை வாங்கவில்லை. அவர் ஏமாற்றப் பார்த்ததைக்கூட மன்னித்துவிடலாம். அது கிளம்பியதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.