மருந்தக்காவும் இனிப்பு கசந்த கரப்பான்களும்

மருந்தக்காவின் செருப்புச் சத்தம் கேட்டால் மூன்று தெருக் கரப்பான்கள் உயில் எழுதி வைத்துவிடும் என்பார்கள். உயிலைக் கண்ணால் பார்த்தவர்களும் உண்டு. கையில் ஊசிக்குழல், அதற்குள் குளுக்கோஸ் பாகில் குழைத்த பழுப்பு மருந்து. அடுப்புக்குப் பின்னால், தொட்டிக்கு அடியில், கதவிடுக்கில் மிளகளவு மிளகளவாக வைத்துவிட்டுப் போவாள். மறுநாள் கூட்டித் தள்ள இரண்டு ஆள் வேண்டும்.

பதினைந்து வருடம் சேர்த்த அந்தப் பெயருக்கு ஆபத்து கேக் கடையில் வந்தது.

"என்ன மருந்தக்கா, மருந்துல தண்ணி ஊத்துறீங்களா? நேத்து ஒண்ணு கிரீம் மேல ஏறி நின்னு என்னைப் பாத்து மீசையை ஆட்டுது!" என்றார் முதலாளி.

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் பாகை இரட்டிப்பாக்கினாள். கரப்பான்களும் இரட்டிப்பாயின.

"மாசக் கடைசி வரைக்கும்தான் பாப்பேன். அப்புறம் வேற ஆளு. ஏன்னு நாலு பேரு கேட்டா மறைக்க மாட்டேன்" என்றார் முதலாளி.

மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தும் ரகமல்ல அவள். அன்று மத்தியானமே கடை மேடைக்கு அடியில் கைவிளக்கோடு குப்புறப் படுத்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கரப்பான் வந்தது, மருந்தை நக்கியது, கஷாயம் குடித்த குழந்தைபோலத் துள்ளிப் பின்வாங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டு, சிந்திக் கிடந்த வெண்ணெய்க்குப் போய்விட்டது.

இனிப்பு கசக்கிறதா? பட்டுத் தெரிந்துகொண்ட பயமா, பிறவியிலேயே அப்படியா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முட்டைப் பையைச் சுமந்துகொண்டிருந்த தாய்க் கரப்பான் ஒன்றை அங்கேயே பிடித்து பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் ஒருநாளும் மருந்து வைக்காத, பக்கத்துத் தெருப் புத்தக பைண்டிங் கடையிலிருந்து இன்னொரு தாய், இன்னொரு பாட்டில். தையல்காரரான அவள் கணவர் ஊசியைக் கீழே போட்டுவிட்டார்.

"ஊர்ல எல்லாம் கொலை பண்ணிட்டு, வீட்ல பிரசவம் பாக்கிறியா?"

"மெதுவாப் பேசுங்க. பிள்ளைத்தாச்சிங்க இருக்காங்க."

இரண்டு பாட்டிலிலும் குஞ்சுகள் பொரிந்தன. தாய்களை அப்புறப்படுத்திவிட்டு, ரொட்டித் தூளும் ஈரப் பஞ்சும் வைத்து வளர்த்தாள். மருந்தென்றால் என்னவென்றே அறியாத பிள்ளைகள்.

மாதக் கடைசியில் இரண்டு பாட்டிலையும் கேக் கடை மேசையில் வைத்தாள். இரண்டிலும் விஷம் சேராத வெறும் பாகு ஒரு சொட்டு விட்டாள். பைண்டிங் கடைக் குஞ்சுகள் பந்திக்கு முந்தியதுபோல மொய்த்தன. கேக் கடைக் குஞ்சுகளில் பெரும்பாலானவை ஒரு நக்கு நக்கிவிட்டு ஓட்டம் பிடித்தன.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "என் கடைக் கரப்பானுக்கு மட்டும் சக்கரை வியாதியா?"

"நாக்கே அப்படி. ஆயிரத்துல ஒண்ணு இனிப்பு கசக்கிற நாக்கோட பிறந்திருக்கும். மத்ததெல்லாம் என் மருந்தைத் தின்னு செத்துது. அது மட்டும் தப்பிச்சு முட்டை போட்டுது. அம்மா நாக்கு பிள்ளைக்கு. நான்தான் வருஷக்கணக்கா சலிச்சு சலிச்சு, இந்த வம்சத்தை மட்டும் மிச்சம் வெச்சிருக்கேன். தப்பு என்னோடதுதான் முதலாளி. ஆனா தண்ணி ஊத்தின தப்பு இல்ல."

அவள் பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் ஒரே இனம்தான். தெரு மாறினதுக்கே நாக்கு மாறிடுச்சு. பதினஞ்சு வருஷத்துல இதுன்னா, கோடி கோடி வருஷம், காடு ஒரு சல்லடை, கடல் ஒரு சல்லடைன்னு சலிச்சா? ஒண்ணு நீந்தும், ஒண்ணு பறக்கும், ஒண்ணு கேக் கடை வைக்கும்."

"என்னையும் கரப்பான்ல சேத்துட்டீங்களா!"

"தூரத்துச் சொந்தம்தான், முதலாளி."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பையிலிருந்து புது மருந்தை எடுத்தாள்: இனிப்பே இல்லை, எண்ணெயும் மாவும் விஷமும். அன்றே கடை முழுக்க வைத்தாள். மறுநாள் காலை இரண்டு ஆள் கூட்டியும் தீரவில்லை. முதலாளியே துடைப்பத்தோடு நின்றார்.

"தண்ணின்னு சொன்னது என் வாய்க்கொழுப்பு, அக்கா. நாலு பேருகிட்டயும் நானே சொல்லிடறேன்" என்றவர், தயங்கிக் கேட்டார்: "இந்த மருந்து எத்தனை நாளைக்கு கேக்கும்?"

"எண்ணெய் பிடிக்காத ஒருத்தி இந்தக் கூட்டத்துல பிறக்கிற வரைக்கும்" என்றாள் மருந்தக்கா. சொல்லிவிட்டு, அந்த ஒருத்தி பிறந்துவிட்டாளா என்று பார்க்க மேடைக்கு அடியில் குனிந்தாள்.