எந்தக் கையில் முன் பிறேக்?

1. ஞாயிறு கைமாறியது

பனி உருகி முடிந்த ஒரு வாரநாளில், பின் சில்லின் பேரிங் ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தேன். நந்தினி என் வேலை மேசைக்கு வந்து, இந்த வருசம் ஞாயிறு ரைடைச் சேவியர் நடத்தட்டும் என்றார்.

நந்தினி கடையின் உரிமையாளர். நாங்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய இந்த நாட்டிலேயே பிறந்தவர், என் மகளின் வயது. மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதியை ஒட்டிய ஒரு பிளாசாவில், பல் வைத்தியருக்கும் பலசரக்குக் கடைக்கும் நடுவே அவருடைய சைக்கிள் கடை. அங்கே நான்தான் மூத்த மெக்கானிக்.

"அங்கிள், டோன்ட் டேக் இட் பேர்சனலி. பைக்கைப் பற்றி நீங்க சொல்றது எல்லாம் கரெக்ட். ஆனா சனம் அவரோட சிரிக்குது."

ஓம் என்றேன். பேரிங்கை உள்ளே தட்டினேன். தேவைக்கு மேலே இரண்டு தட்டு விழுந்தது.

அந்த ஞாயிறு ரைட் என்னவென்று சொல்லவேண்டும். எங்களிடம் மவுண்டன் பைக் வாங்கியவர்கள் வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை ஞாயிறு காலையில் டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலே ஒரு கார் தரிப்பிடத்தில் கூடுவார்கள். பிறகு காட்டுப் பாதைகளில் இறங்குவோம். எந்தப் பாதை, யார் முன்னே, மழை பெய்திருந்தால் திரும்புவதா என்பதையெல்லாம் நடத்துபவரே முடிவு செய்வார். எந்த ரயர் வாங்கலாம், எந்தச் சீற் போடலாம் என்றும் அவரைத்தான் கேட்பார்கள். அந்த ரைடை ஆரம்பித்தவன் நான். அதை எப்படியாவது திரும்ப எடுப்பது என்று அந்தப் பேரிங்கைப் பூட்டி முடிப்பதற்குள் தீர்மானித்துவிட்டேன்.

2. "சேவியர் அண்ணை சொன்னவர்"

சேவியர் மன்னார்க்காரர். அஜக்ஸில் இருக்கிறார். வீடுகளுக்கு ஹீற்றரும் ஏசியும் பூட்டுவது அவருடைய வேலை. எங்கள் கடையில்தான் அவர் சைக்கிள் வாங்கினார். பெட்டியைப் பிரித்து அதைப் பூட்டிக் கொடுத்தவனும் நானே. அதன் பிறகு இரண்டு கோடைதான் போயிருந்தது.

வோபர்னிலிருந்து வரும் வதனி என்ற நேர்ஸ் ரயரில் காற்றை இறுக்கமாக அடித்து வைத்திருப்பார். வேரும் கல்லும் உள்ள பாதையில் அப்படி ரயர் துள்ளும், மண்ணைப் பிடிக்காது. முன்னுக்கு எத்தனை பி.எஸ்.ஐ., பின்னுக்கு எத்தனை, உடல் நிறைக்கு ஏற்ப எப்படிக் கூட்டுவது என்று அவருக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். தலையாட்டிவிட்டுப் போவார். மே மாதம் அவரே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, காத்தைக் குறைச்சு விடுங்கோ. கன்னத்தை அமத்தினமாதிரி இருக்கவேணுமாம். சேவியர் அண்ணை சொன்னவர்."

தன் கன்னத்தை ஒரு விரலால் அமத்திக் காட்டினார். பிறகு, நான் காற்றை இறக்கிய ரயரை அமத்திப் பார்த்துவிட்டுச் சரி என்றார். காற்றை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தேன். நான் சொல்லிவந்த இலக்கம்தான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அந்தக் கோடை முழுவதும் இப்படித்தான் போனது. இறக்கத்தில் சீற்றைப் பதித்துவிடவேண்டும், முன் சில்லைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்கவேண்டும், ஈரப் பாதையில் ஓடிக் கெடுக்கக்கூடாது என்று நான் சொல்லிக் காதில் ஏறாத எல்லாம் அவர் வாயிலிருந்து புதிதாகப் பிறந்து என் மேசைக்கு வந்தன. சொல்வது அவர், பூட்டுவது நான். கிறீஸ் என் கையில், புகழ் அஜக்ஸில்.

3. கைதட்டல்

ஞாயிறு ரைடில் எனக்குக் கடைசி ஆளின் வேலை தரப்பட்டது. பின்தங்கியவரோடு வருவது, சங்கிலி அறுந்தால் போடுவது. அந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. எல்லாருடைய முதுகும் தெரியும். நான் ஒரு முதுகை மட்டும் பார்த்தேன்.

ஆற்றுக்கு இறங்கும் பாதையில் செங்குத்தான ஒரு இறக்கம் இருக்கிறது. அதன் அடியில் பாதை இடப்பக்கம் திரும்பும். திரும்பாதவர் நேரே கற்குவியலில் போய் விழவேண்டும். அங்கே மட்டும் சேவியர் மற்றவர்களை முதலில் இறக்கிவிடுவார். பிறகு அவர் அந்த வளைவுக்கு வரும்போது பின் சில்லு வெளியே சறுக்கும். தூசி எழும்பும். சைக்கிள் பக்கவாட்டாகப் போய், கற்களுக்குக் கொஞ்சம் முன்னே நிற்கும். கீழே நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அதற்குச் 'சேவியர் கட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வதனியும் இன்னும் சிலரும் அதைப் பழகத் தொடங்கியிருந்தார்கள்.

நான் பிழை தேடினேன். பொறாமைக்காரனின் கண் இமைக்காது. கொழும்பில் ஒரு நாளிதழில் அச்சுப் பிழை பார்க்கும் ஒப்புநோக்குநராக இருந்த காலத்திலும் எந்தப் பக்கத்தையும் இவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை.

முதலில் மண்ணைப் பார்த்தேன். வேண்டுமென்று சறுக்குபவனின் தடம் வளைவில்தான் ஆரம்பிக்கும். சேவியரின் தடம் இறக்கத்தின் நடுவிலேயே ஆரம்பித்து, பாதையை வாய்க்கால்போலக் கீறிக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறு இறக்கத்தின் ஓரத்தில் இறங்கி நின்று அவருடைய கைகளைப் பார்த்தேன். வலக்கையின் ஒரு விரல் பிறேக் லீவரில் இருந்தது. இடக்கையின் விரல்கள் எல்லாம் பிடியைச் சுற்றி இறுகியிருந்தன. இறக்கம் முழுவதும் அவை லீவரைத் தொடவே இல்லை.

அப்போது விளங்கியது. இந்த நாட்டுச் சைக்கிளில் முன் பிறேக் இடக்கையில், பின் பிறேக் வலக்கையில். இலங்கையில் நாங்கள் ஓடிய சைக்கிளில் அது மறுவளம். அங்கே பழகிய கை, பயத்தில், பின் பிறேக் என்று நினைத்து இடக்கையை இறுக்கும். இங்கே முன் சில்லு பூட்டிக்கொள்ள, ஆள் ஹாண்டிலுக்கு மேலால் பறப்பான். வந்த புதிதில் நானும் பறந்திருக்கிறேன். அன்றே என் சைக்கிளில் இரண்டையும் மாற்றிவிட்டேன்.

சேவியர் மாற்றவில்லை. இடக்கையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். பின் பிறேக்கை மட்டும் நம்பி அந்த இறக்கத்தில் இறங்குபவரால் நிற்க முடியாது, சறுக்க மட்டும்தான் முடியும். கற்களுக்கு முன்னே அவர் நின்றது ஒவ்வொரு ஞாயிறும் வாய்த்த அதிர்ஷ்டம். அதைத்தான் மற்றவர்கள் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டீல்ஸ் வீதியில் அன்றைக்குப்போல அவ்வளவு சந்தோசமாக நான் கார் ஓட்டியதில்லை.

4. ஸ்டாண்டில் ஏறியது

அந்தக் கிழமையே சேவியர் சைக்கிளைக் கொண்டுவந்தார். பின் பிறேக் கத்துகிறதாம். ஸ்டாண்டில் ஏற்றிக் கழற்றினேன். சில்லின் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பின் பிறேக் பாட் இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. முன் பாட் நான் பூட்டிக் கொடுத்த நாளில் இருந்ததுபோலப் புதிது.

நந்தினி கவுண்டரில் நின்றார். ரைடில் பாதுகாப்புப் பிரச்சினை ஏதும் கண்டால் உடனே சொல்லவேண்டும், நடத்துபவரை மாற்றிவிடுவேன் என்று சீசன் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். இரண்டு பாட்டையும் உள்ளங்கையில் வைத்து அவரைக் கூப்பிட்டால் போதும். ஞாயிறு எனக்கு.

கூப்பிடவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைக்கவேண்டாம். நாளைக்கு இன்னொருவன் ஏச்சு வாங்குவதைப் பார்க்கும் ஆசையில், கண்ட பிழையை அச்சுக்குப் போகவிடுவது ஒப்புநோக்குநர் செய்யும் காரியம் அல்ல. நந்தினி அவரை நிறுத்துவார். சேவியர் அதே கைகளோடு தனியாகப் போய் அந்த இறக்கத்தில் இறங்குவார். பிழை ஸ்டாண்டில் ஏறியிருந்தது. திருத்துவதுதான் வேலை.

"இடக்கைப் பிறேக்கைத் தொடுறேல்லையோ?" என்று கேட்டேன்.

சேவியர் கவுண்டர் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரலைத் தணித்தார்.

"தொட்டா தூக்கி எறியுது அண்ணை."

"எப்ப எறிஞ்சது?"

"வாங்கின முதல் கிழமை. முன் பல்லு விழுந்திட்டுது. கராஜ் கதவு அடிச்சதெண்டு மனிசிக்குச் சொன்னனான்."

"சனம் கைதட்டுதே."

"தட்டினா நான் என்ன செய்ய? நிப்பாட்டேலாமல்தான் சறுக்கிறன் எண்டு சொல்லவோ?"

வலக்கைக்கு முன் பிறேக்கை மாற்றித் தருகிறேன், மன்னாரில் ஓடியதுபோல இருக்கும் என்றேன். வேண்டாமென்றால்? என்று கேட்டார். வேண்டாமென்றால் நந்தினியோடு கதைக்கவேண்டிவரும் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கே என்ன தெரிந்ததோ எனக்குத் தெரியாது.

"மாத்துங்கோ," என்றார்.

பிறேக் ஒயில் ஓடும் இரண்டு ஹோஸையும் லீவரிலிருந்து கழற்றி, இடம் மாற்றி, நுனியை வெட்டி, புதுப் பித்தளை வளையம் போட்டு இறுக்கி, ஒயிலில் இருந்த காற்றை எடுத்தேன். முன் பாட் சரி, பின் பாட் புதிது. இரவல் வாங்கி ஓடுபவர் ஏமாறாமல் இருக்க வலக்கை லீவரில் மஞ்சள் ஒட்டுநாடா ஒன்று சுற்றினேன். பிறகு பிளாசாவின் பின்பக்கம் கொண்டுபோய், கை பழகும்வரை ஓடி ஓடி நிற்கச் சொன்னேன். மூன்றாவது தடவையே, நான் கால் வைத்துக் காட்டிய இடத்தில் நின்றார். அவ்வளவு சுலபமாக வந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

5. பல்

அந்த ஞாயிறு சேவியர் இறக்கத்தில் இறங்கினார். வேகத்தை மேலேயே குறைத்தார், வளைவில் சுத்தமாகத் திரும்பினார், விரும்பிய இடத்தில் நின்றார். தூசி எழும்பவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை.

"என்னண்ணை, இண்டைக்கு வெட்டேல்லை?" என்றார் வதனி. குரலில் ஏமாற்றம் இருந்தது. நான் கடைசி ஆளாக மேலே நின்று அதைக் கேட்டேன். இனி இவர் மவுசு முடிந்தது என்று கணக்குப் போட்டேன்.

சேவியர் ஹெல்மெற்றைக் கழற்றினார். எல்லாவற்றையும் சொன்னார். பறந்தது, பல் விழுந்தது, கராஜ் கதவு, கைதட்டும் நேரமெல்லாம் உள்ளுக்குள் மாதாவைக் கூப்பிட்டது. கட்டுப் பல்லைக் கழற்றிக் காட்டினார்.

"அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் பழகினது உங்கட பயத்தையோ?" என்றார் வதனி.

சிலர் சிரித்துச் சிரித்துச் சைக்கிளைக் கீழே போட்டார்கள். எந்தச் சறுக்கலுக்கும் கிடைக்காத கைதட்டல் அப்போது கிடைத்தது. தன் பயத்தைச் சொல்லியும் ஒரு மனிதர் இவ்வளவு வாங்க முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. நானும்தான் பறந்திருக்கிறேன். அதை யாரிடமும் சொல்லத் தோன்றியதில்லை.

"உவர்தான் பிழையைப் பிடிச்சவர்," என்று சேவியர் என்னைக் காட்டினார். எல்லாரும் மேலே பார்த்தார்கள். பிறகு சேவியர் பக்கம் திரும்பி, மனைவிக்கு இப்போதாவது உண்மை தெரியுமா என்று கேட்டார்கள்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் ஊரில் சைக்கிள் பழகிய இருவர் வாசலில் நின்றார்கள்.

"எங்களுக்கும் கையை மாத்தி விடுங்கோ அண்ணை. சேவியர் அண்ணை சொன்னவர்."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சைக்கிள் வாங்க வருபவரிடம் உயரத்தையும் நிறையையும் கேட்பதற்கு முன், எங்கே ஓடப் பழகினீர்கள், எந்தக் கையால் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். திருத்த வந்த சைக்கிளில் முன், பின் பாட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓடுபவர் வாயால் சொல்லாததை அந்தத் தேய்மானம் சொல்லும். யாரையாவது பார்த்து உங்கள் வயிறு எரிந்தால், அவருடைய சைக்கிளை உங்களைப்போல யாரும் கவனமாகப் பார்க்கப்போவதில்லை. பாருங்கள். கண்டதை ஸ்டாண்டில் ஏற்றித் திருத்துங்கள். வயிற்றெரிச்சல் அதனால் ஆறாது. பிறேக் பிடிக்கும்.

ஞாயிறு ரைடைச் சேவியர்தான் நடத்துகிறார். இப்போது முன்னைவிட நன்றாக ஓடுகிறார். நான் கடைசி ஆளாக வந்து அவருடைய முதுகைப் பார்க்கிறேன். இன்னும் ஒரு பிழையும் அகப்படவில்லை.