ஒழுங்கையில் கொட்டிய சுரங்கம்

அண்ணை இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த மலர் இருக்கிறது. முன்னால் அவருடைய படம், அடுத்து தேவாரங்கள், அதன்பின் அனுதாபச் செய்திகள், அதற்குப் பிறகு இந்தக் கட்டுரை. "அக்கா, நீதான் எழுதவேணும். ஆரையும் நோகடிக்காமல் வடிவாய் எழுது" என்று தம்பி லண்டனிலிருந்து தொலைபேசியில் சொன்னான். வடிவாக வருமோ தெரியாது. நோகடிக்காமல் எழுத என்னால் முடியாது. அண்ணை கடைசிவரை ஒருவரையும் நோகடிக்காமல்தான் வாழ்ந்தார். அதற்காக அவருக்குக் கிடைத்தது என்ன என்பதைக் கூட இருந்து பார்த்தவள் நான்.

செத்தவீட்டில் பேசிய மூன்று பேரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "எந்த ஆசையும் இல்லாத மனிதர்." எனக்கு அந்த ஒலிவாங்கியைப் பறிக்க வேண்டும் போல இருந்தது. அண்ணைக்கு ஓர் ஆசை இருந்தது. காட்டுக்குள் தாம் கண்ட ஒரு பழைய செம்புச் சுரங்கத்தின் மிச்சத்தை, விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்து, இது உண்மைதான் என்று எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் அது. உங்களில் அநேகம் பேரிடம் அதை வாய்விட்டுக் கேட்டும் இருக்கிறார். பேசிய மூவரிடமும் கேட்டிருக்கிறார்.

அண்ணை அளவெட்டியில் வெங்காயமும் புகையிலையும் செய்த ஒரு கமக்காரருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான், எனக்குப் பின் தம்பி. ஐயா கண்ணை மூடியபோது அண்ணைக்கு மீசை கூடச் சரியாக அரும்பவில்லை. தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு, விளக்கில் படித்துப் பரீட்சை எழுதி, கனிமம் தேடுகிற ஒரு திணைக்களத்தில் கள உதவியாளராகச் சேர்ந்தார். எனக்குக் கலியாணம் செய்து வைத்தார். தம்பியை வெளியில் அனுப்பி வைத்தார். தமக்கென்று ஒன்று செய்ய அவர் நினைக்கத் தொடங்குகிற நேரத்தில் யுத்தம் வந்து ஊரே இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு தலை நரைத்துவிட்டது. என் கணவர் இடம்பெயர்வுக்கு முன்பே காலமாகிவிட்டார்; அதிலிருந்து நானும் அண்ணையும் ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

திணைக்களம் அவரைத் திருகோணமலைக்குத் தெற்கே ஒரு காட்டுக்கு அனுப்பியது. நிலத்தைத் துளைத்துச் செம்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு பற்றைக்குள் நடந்த அண்ணை ஒரு குழிக்குள் இடறி விழுந்தார். ஏறி வந்து பார்த்தால் பக்கத்தில் இன்னொரு குழி, அதற்கப்பால் இன்னொன்று. எல்லாமே மனிதர் வெட்டியவை. மேலே மரங்கள் முளைத்து முதிர்ந்து போயிருந்தன. பக்கத்தில் கறுத்த கல் மேடு ஒன்று. ஒன்றை எடுத்து உடைத்தால் உள்ளே கண்ணாடி போல மினுக்கம், விளிம்பில் செம்புக் குடத்தில் படிகிற அதே பச்சைக் களிம்பு. செம்பை உருக்கி எடுத்தபின் கழித்துக் கொட்டிய கசடு அது. உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்களும் உடைந்து கிடந்தன. ஒரு குழாயின் வாயில், அதைச் செய்தவர் ஈரத்தோடு அழுத்திய பெருவிரல் பள்ளம் அப்படியே இருந்தது; அதை அண்ணை கொப்பியில் படமாகக் கீறி வைத்திருக்கிறார். இப்போது திணைக்களம் தேடி வந்த செம்பை எவரோ முன்பே தேடிக் கண்டு, வெட்டி, உருக்கி, கொண்டுபோய்விட்டார்கள். எவர், எப்போது என்பதற்கு ஒரு வரி எழுத்து கிடையாது.

ஒவ்வொரு குழியையும் அண்ணை அளந்தார். இலக்கம் கொடுத்தார். எந்தக் குழிக்குப் பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில் எது கிடந்தது என்று படத்தோடு எழுதினார். பிறகு மேலதிகாரியிடம் போனார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான்.

"நாங்கள் செம்பு தேட வந்தனாங்கள், தம்பி. ஆரோ விட்டிட்டுப் போன குப்பையைக் கிளற வரேல்லை" என்றாராம் அவர்.

அறிக்கை அவருடைய மேசை லாச்சிக்குள் போய்ப் பூட்டுண்டது. அடுத்த கிழமை, துளைக்கும் இயந்திரத்தை ஏற்றிவந்த லொறி சேற்றில் புதைந்தது. கசடு மேட்டை டோசரால் தள்ளிப் பாதைக்குப் பரவினார்கள். அண்ணை டோசருக்கு முன்னால் குனிந்து குனிந்து பொறுக்கினார். "உது குப்பைதானே, வேணுமெண்டால் அள்ளிக்கொண்டு போம்" என்று மேலதிகாரி சிரித்தாராம். அண்ணை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். இருந்த இடத்திலிருந்து எடுத்தது சரியா பிழையா என்று பின்னாளில் அவருக்கே ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் எடுக்காவிட்டால் எல்லாம் அன்றே லொறிச் சில்லுக்கு அடியில் போயிருக்கும்.

அந்தக் கற்களுக்குப் பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கொடுத்தது நான். அறுபதுக்கு மேல் தைத்திருப்பேன். ஒவ்வொரு பையிலும் அழியாத மையால் குழியின் இலக்கத்தை அவர் எழுதினார். "இலக்கம் போச்செண்டால் இது வெறும் கல்லுத்தான், பிள்ளை" என்பார். கல்லின் இனத்தை அறிய அதை நாக்கில் தொட்டுப் பார்ப்பது அவர்களுடைய தொழில் பழக்கம். அதைக் கண்டுவிட்டு எங்கள் சொந்தக்காரர் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அது என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். இந்த மலரில் அதை நான் எழுதமாட்டேன். கலியாண வீடுகளில் அவருடைய முகத்துக்கு முன்னாலேயே அதைச் சொல்லிச் சிரித்தவர்கள், செத்தவீட்டில் மாலையோடு முன்வரிசையில் நின்றார்கள்.

இடம்பெயர்ந்த நாளில் ஊர் முழுக்கப் பானை சட்டியும் பாயும் தலையணையுமாக ஓடியது. அண்ணை சைக்கிளில் கல்லுப் பைகளைக் கட்டினார். என்னுடைய தையல் இயந்திரத்தை ஏற்றச் சொல்லி அழுதேன். "அடுத்த நடை வந்து எடுப்பம்" என்றார். அடுத்த நடையிலும் பைகளைத்தான் கட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஊருக்குள் போக எவரையும் விடவில்லை. தென்மராட்சியில் ஒரு மாட்டுக்கொட்டிலில் இருந்துகொண்டு ஒரு மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் கழித்து வீட்டுக்குத் திரும்பி வந்தபோது இயந்திரமும் இல்லை, கூரையும் இல்லை. அண்ணை முதலில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, பைகளை இலக்க வரிசையில் அடுக்கினார். எங்களுக்குக் கூரை அதற்குப் பிறகுதான் வந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். அவரோடு வாழ்வது எளிதாக இருக்கவில்லை.

ஓய்வு பெற்றபின் கடிதம் எழுதத் தொடங்கினார். தமிழில், ஆங்கிலத்தில், ஆள் பிடித்துச் சிங்களத்தில். வந்த பதில்கள் மிகக் குறைவு. வந்தவையும், உங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற ஒரே வரிதான். நம் சொந்தத்தில் படித்த பெரியவர்கள் குறைவா? எத்தனை பேர் இந்த வீட்டுக் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டு, "ஓம் ஓம், ஒருக்கால் சொல்லிப் பாப்பம்" என்று தலையாட்டிவிட்டுப் போனீர்கள்? ஒருவராவது சொல்லிப் பார்த்தீர்களா?

கடைசியில் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும் ஓர் இளம் பெண்ணின் விலாசத்தை எங்கேயோ பிடித்து அவருக்கு எழுதினார். அந்தக் கடிதம் போன நாளிலிருந்து அண்ணைக்கு உடம்பு முடியவில்லை. ஆசுபத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு தினமும் ஒன்றையே கேட்டார்: "கடிதம் வந்ததோ?" கடைசி நாளும் அதைத்தான் கேட்டார்.

கடிதம் வந்தது. அண்ணை போய்ப் பன்னிரண்டாம் நாள் வந்தது. நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. துக்கத்துக்குள் வருகிற தபால் எல்லாம் அனுதாபம்தான் என்று கட்டி வைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின் மலருக்கென்று ஒன்றாகப் பிரிப்போம். இதையும் அந்தக் கட்டோடு சேர்த்துக் கட்டினேன். சாமிப்படத்துக்குப் பக்கத்தில் அது பத்திரமாக இருந்தது.

மாரி அந்த முறை விடாமல் பெய்தது. முப்பத்தோராம் நாள் காலையில் கீரிமலையில் அந்தியேட்டி, மறுநாள் வீட்டுக்கிருத்தியம், சொந்தக்காரருக்கெல்லாம் சாப்பாடு. சந்தியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வான்கள் வரவேண்டிய ஒடுங்கிய மண் ஒழுங்கையின் வாசலில் இரண்டு சில்லுத் தடமும் முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தன. சமையல் சாமான் ஏற்றிவந்த வான் புதைந்து, பத்துப் பேர் தள்ளி எடுத்தார்கள். லண்டனிலிருந்து வந்திருந்த தம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நான்கு சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் கொட்டிலைத் துப்புரவாக்கினான். பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பள்ளத்துக்குள் கொட்டினார்கள். மேலே மண் போட்டு மிதித்தார்கள். வெறும் பைகளை அண்ணையின் பழைய பாயோடு சேர்த்து எரித்தார்கள். இலக்கங்கள் அதோடு போயின. வீட்டுக்கிருத்தியத்தன்று முழுக்க அதற்கு மேலால்தான் நீங்கள் எல்லாரும் வந்து போனீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்றும், ஒழுங்கையை நல்லாய்ச் செய்துவிட்டார்கள் என்றும் சொன்னீர்கள்.

இரண்டு நாள் கழித்துக் கடிதக் கட்டைப் பிரித்தேன். நான்காவதாக அந்தப் பெண்ணின் கடிதம். நாற்பத்தைந்து வருடம் ஒருவரும் அண்ணைக்கு எழுதாத கடிதம். ஐயா, நீங்கள் கீறி அனுப்பிய குழாய்களைப் பார்த்தபின் எனக்கு உறக்கம் இல்லை, இன்ன திகதிக்கு நேரில் வருகிறேன், நான் வரும்வரை தயவுசெய்து பைகளை இருந்த இடத்திலிருந்து அசைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

குறித்த திகதிக்கு வந்தார். அண்ணை இல்லை என்பதைக் கேட்டு ஒழுங்கை வாசலிலேயே நின்றுவிட்டார். நான் குடையோடு எதிரே போனேன்.

"பைகள் எங்கை, அம்மா?" என்று கேட்டார்.

"நீங்கள் அதுக்கு மேலைதான் நிக்கிறியள், பிள்ளை."

அவர் என்னை ஏசவில்லை. செருப்பைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு, மழைக்குள் குந்தி, விரலால் சேற்றைத் தோண்டினார். ஒரு குழாய்த் துண்டு வந்தது, சில்லு ஏறிப் புதிதாக உடைந்த வாயோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுதது அண்ணைக்காகவா, அந்தத் துண்டுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எல்லாரும் தம்பியைத்தான் குறை சொல்கிறீர்கள். வெளிநாட்டில் இருந்தவனுக்கு என்ன தெரியும், வந்தான், அழித்தான், போனான் என்கிறீர்கள். நானும் அதை மறுக்காமல் இருந்தேன். இப்போது எழுதுகிறேன். கொட்டிலைத் திறக்க முதல் தம்பி அறை வாசலில் வந்து நின்று கேட்டான்: "அக்கா, உந்தக் கல்லுப் பைகளை என்ன செய்யிறது?" நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். "நாசமாய்ப் போன கல்லு. எங்கையெண்டாலும் கொண்டுபோய்க் கொட்டு" என்றேன். அறியாமல் சொல்லவில்லை. அவை என்ன என்று இந்த உலகத்தில் அண்ணைக்கு அடுத்தபடி தெரிந்தவள் நான்தான். ஆசுபத்திரியில் மூன்று கிழமை அவருடைய தலைமாட்டில் இருந்தேன். கடைசி மூச்சிலும் கடிதத்தைக் கேட்டாரே தவிர, நீ சாப்பிட்டியோ என்று என்னைக் கேட்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் சொன்னேன். தம்பி அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு வருடமாக உங்கள் எல்லாருடைய ஏச்சையும் தான் வாங்கிக்கொண்டு இருக்கிறான்.

ஆகையால் இந்தக் கட்டுரையில் உள்ள கோபத்தில் உங்கள் பங்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பங்கை எனக்கு விட்டுவிடுங்கள்.

அண்ணையின் கொப்பிகள் என்னிடம் இருந்தன, அவை எரியவில்லை. விரிவுரையாளரும் அவருடைய மாணவர்களும் சித்திரை வெயிலில் மண் இறுகியபின் வந்து, ஒழுங்கையில் கயிறு கட்டி, சாண் சாணாகக் கிளறி, சல்லடையில் அரித்து வருகிறார்கள். அண்ணை ஒவ்வொரு துண்டையும் அளவு தப்பாமல் கீறியிருப்பதால், சிலதைப் படத்தோடு வைத்துப் பொருத்தி எந்தக் குழியினது என்று சொல்ல முடிகிறது. இதுவரை ஏழு பொருந்தியிருக்கின்றன. மிச்சம் பெரும்பாலும் பெயரில்லாத கல்லாகத்தான் இருக்கும் என்று அந்தப் பிள்ளை ஒளிக்காமல் சொன்னார். கொப்பியிலுள்ள வரைபடத்தை எடுத்துக்கொண்டு அந்தக் காட்டுக்குப் போகவும் அனுமதி கேட்டிருக்கிறார்.

நன்றி சொல்லவேண்டிய இடம் இது. ஆசுபத்திரியில் அண்ணையைத் தூக்கித் திருப்பிய தாதியருக்கும், மழைக்குள் பாடை காவியவர்களுக்கும், முப்பத்தொரு நாளும் எங்களை அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வாயைத் திறக்காமல் இருந்த தம்பிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். கல்லை அள்ளிக் கொட்டிய நால்வரும் நல்ல மனதோடுதான் செய்தீர்கள். அதனால் உங்களுக்கும் நன்றி. அந்த நால்வரில் இருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சல்லடை பிடிக்கிறார்கள். மற்ற இருவருக்கும் நாள் இன்னும் இருக்கிறது.

இன்று சந்தியில் தடி கட்டி வான்களை மறித்து, உங்களை வெயிலில் நடக்க வைத்தது நான்தான். வயது போனவர்களையும் நடக்க வைத்தாளே என்று சிலர் முணுமுணுத்திருப்பீர்கள். முணுமுணுங்கள். பெருவிரல் பதிந்த அந்தக் குழாய் வாய் இன்னும் அகப்படவில்லை. சாப்பிட்டு, ஆறுதலாக இருந்துவிட்டு, போகும்போது தயவுசெய்து வேலிக்கரையால் நடந்து போங்கள்.